திரை உறைந்தால் சர்வர் செத்துவிட்டதா?

"சார், சிஸ்டம் ஹேங் ஆயிடுச்சு!"

கல்லூரிக் கணினி ஆய்வகங்களில் நாள் தவறாமல் கேட்கும் குரல் இது. இதற்கு வரும் பதிலும் எல்லோருக்கும் மனப்பாடம். "ரீஸ்டார்ட் பண்ணிப் பாருப்பா." அவ்வளவுதான். நோய் என்ன என்று யாரும் கேட்பதில்லை, மருந்து மட்டும் எப்போதும் ஒன்றே.

வீட்டில் தனியாக ஒரு கணினியை வைத்துக்கொண்டு படம் பார்ப்பவருக்கு இந்த மருந்தால் பெரிய நஷ்டம் இல்லை. யுனிக்ஸ் அல்லது லினக்ஸ் சர்வர் வைத்திருக்கும் ஆய்வகத்தில் கதை வேறு. நாற்பது மாணவர்களின் கோப்புகள் எல்லாம் ஒரே சர்வரில் இருக்கின்றன. நாற்பது பேரும் அவரவர் மேசையிலிருந்து அதற்குள் நுழைந்து வேலை செய்கிறார்கள். அதில் ஒருவருடைய திரை உறைந்துபோகிறது. யாரோ ஒருவர் போய் சர்வரின் பவர் பட்டனை அழுத்துகிறார். ஒருவருடைய பிரச்சினை ஒரே நொடியில் நாற்பது பேருடைய பிரச்சினையாகிவிடுகிறது!

இதில் வேடிக்கை என்னவென்றால், அந்த முதல் மாணவருக்குப் பெரும்பாலும் ஒரு பிரச்சினையும் இருந்திருக்காது. அவர் விஐ எடிட்டரில் சி நிரல் ஒன்றை அடித்துக்கொண்டிருந்திருப்பார். விண்டோஸ் பழக்கத்தில், சேமிப்பதற்காகக் கை தானாகவே கண்ட்ரோல்-எஸ் அழுத்தியிருக்கும். அதோடு திரை நின்றிருக்கும். கண்ட்ரோல்-க்யூ அழுத்தியிருந்தால் மறுபடி ஓடியிருக்கும். ஒரே ஒரு விசை! அது தெரியாததால் பவர் பட்டன் வரை போகவேண்டி வந்தது.

திரை உறைவதும் சர்வர் உறைவதும் ஒன்றல்ல. எது நின்றது என்று தெரிந்துகொள்ளாமல் எதையும் அணைக்கக்கூடாது. யுனிக்ஸ் சொல்லிக்கொடுக்கும் எந்த வகுப்பும் முதல் நாளிலேயே சொல்லவேண்டிய பாடம் இது. பல இடங்களில் கடைசி நாள் வரை சொல்லப்படுவதில்லை.

நெய்வேலியில் யாரும் 'ஆஃப் பண்ணி ஆன்' பண்ணுவதில்லை

இதை நெய்வேலி நகரியத்தில் வளர்ந்த பிள்ளைகளுக்கு விளக்குவது சுலபம். அவர்களுடைய ஊரே நிறுத்தக்கூடாத இயந்திரங்களின் மேல்தான் நிற்கிறது.

1956-ல் நிறுவனம் தொடங்கி, 1957-ல் சுரங்கம் தோண்ட ஆரம்பித்தார்கள். பழுப்பு நிலக்கரி கண்ணில் பட்டது 1961-ல்தான். 1962-ல் சோவியத் உதவியோடு கட்டிய முதல் அனல்மின் நிலையம் மின்சாரம் தர ஆரம்பித்தது. (அந்த நிலையம் ஏறக்குறைய 58 ஆண்டுகள் உழைத்துவிட்டு 2020-ல் ஓய்வு பெற்றது.) நிலக்கரிப் படிவத்துக்குக் கீழே பெரிய நிலத்தடி நீர்த்தேக்கம் ஒன்று அழுத்தத்தோடு இருக்கிறது. சதுர சென்டிமீட்டருக்கு 6 முதல் 8 கிலோ அளவில் அது மேல்நோக்கித் தள்ளிக்கொண்டே இருக்கிறது. அதனால் இரவு பகலாகப் பம்புகள் நீரை இறைத்துக்கொண்டே இருக்கவேண்டும். இறைப்பதை நிறுத்தினால் சுரங்கத்தின் தரையே பிதுங்கி உடைந்து நீர் உள்ளே வந்துவிடும்.

மின் நிலையமும் அப்படித்தான். கொதிகலனை நிறுத்தினால் மறுபடி சூடேற்றி, நீராவி பிடித்து, டர்பைனைச் சுழலவிட்டு, மின்கட்டமைப்போடு இணைக்க மணிக்கணக்கில் ஆகும். ஆகவே கட்டுப்பாட்டு அறையில் ஒரு முள் அசையாமல் நின்றால் உடனே யூனிட்டை நிறுத்தச் சொல்லி யாரும் ஓடமாட்டார்கள். நின்றது கொதிகலனா, அதை அளக்கும் கருவியா என்றுதான் முதலில் பார்ப்பார்கள். பக்கத்துக் கருவி என்ன சொல்கிறது என்று பார்ப்பார்கள். ஷிப்ட் முடிந்து போகும்போது நடந்ததை லாக் புக்கில் எழுதிவைத்து அடுத்தவரிடம் ஒப்படைப்பார்கள்.

அப்பா இரவு ஷிப்டில் இத்தனை நிதானமாக வேலை பார்த்துவிட்டு வருகிறார். மகனும் மகளும் பகலில் ஆய்வகத்தில் திரை நின்ற பத்தாவது நொடியில் பட்டனை அழுத்துகிறார்கள். இது பிள்ளைகளின் குற்றமில்லை. அப்பாவுக்கு வேலையில் சேர்ந்ததும் பயிற்சி கொடுத்தார்கள். பிள்ளைகளுக்கு யாரும் கொடுக்கவில்லை.

கண்ட்ரோல்-எஸ் எங்கிருந்து வந்தது?

யுனிக்ஸ் 1969-ல் பெல் ஆய்வகத்தில் பிறந்தபோது வேலை பெரும்பாலும் திரையில் நடக்கவில்லை. தட்டச்சு இயந்திரம் போல இருக்கும் டெலிடைப்பில்தான் வேலை. கணினி சொல்லும் பதில் காகிதத்தில் அச்சாகி வரும். இன்றைக்கும் யுனிக்ஸில் முனையத்தை 'டிடிஒய்' என்று அழைப்பது அந்த டெலிடைப்பின் நினைவாகத்தான்.

1963-ல் வந்த டெலிடைப் மாடல் 33 போன்ற இயந்திரங்களில் துளையிட்ட காகித நாடாவைப் படிக்கும் வசதி இருந்தது. 'கொஞ்சம் நிறுத்து' என்று சொல்ல ஒரு குறியீடும், 'இனி அனுப்பு' என்று சொல்ல ஒரு குறியீடும் தேவைப்பட்டன. ஆஸ்கி பட்டியலில் 19-ம் எண்ணும் 17-ம் எண்ணும் அந்த வேலையைச் செய்தன. விசைப்பலகையில் 19 என்பது கண்ட்ரோல்-எஸ், 17 என்பது கண்ட்ரோல்-க்யூ. 1978-ல் வந்த புகழ்பெற்ற விடி100 முனையத்தில் இதற்கென்றே 'நோ ஸ்க்ரோல்' என்று தனி விசை வைத்தார்கள். வேகமாக ஓடும் எழுத்துகளை நிறுத்திப் படிக்கவேண்டுமே!

டெலிடைப் போய்விட்டது, விடி100-ம் போய்விட்டது. அந்த இரண்டு குறியீடுகள் மட்டும் போகவில்லை. இன்றைய லினக்ஸ் முனையத்திலும் கட்டளை வரியில் கண்ட்ரோல்-எஸ் அழுத்திப் பாருங்கள், திரை நிற்கும். (சில புதிய எடிட்டர்கள் மட்டும் தாங்கள் ஓடும்வரை இதை முடக்கி வைத்துக்கொள்கின்றன.) நேரடியான லினக்ஸ் கன்சோலில் ஸ்க்ரோல் லாக் விசையும் இதே வேலையைச் செய்யும்.

இங்கே கவனிக்கவேண்டிய விஷயம் ஒன்று உண்டு. திரை நின்றிருக்கும்போது நின்றது வெளியே வரும் எழுத்துகள் மட்டும்தான். உள்ளே போகும் எழுத்துகள் நிற்கவில்லை. பதட்டத்தில் தட்டும் ஒவ்வொரு விசையும் பத்திரமாகச் சேர்ந்துகொண்டே இருக்கிறது. எஸ்கேப், டிலீட், என்டர் என்று கோபத்தில் தட்டியதெல்லாம் கண்ட்ரோல்-க்யூ அழுத்தியவுடன் மொத்தமாக வந்து கொட்டும். விஐ எடிட்டரில் இருப்பவர் நிரலின் பாதியை அப்படியே இழக்கலாம். ஆகவே திரை நின்றால் முதல் விதி: கையை எடு. இரண்டாவது விதி: கண்ட்ரோல்-க்யூ.

இந்தத் தொல்லையே வேண்டாம் என்பவர்கள் எஸ்டிடிஒய் என்ற கட்டளைக்கு 'மைனஸ் ஐஎக்ஸ்ஓஎன்' என்று கொடுத்து இதை அணைத்துவிடலாம். ஒரு கல்லூரி நினைத்தால் எல்லா மாணவர்களின் தொடக்கக் கோப்பிலும் இந்த ஒரு வரியைச் சேர்த்துவிடலாம். செலவு ஐந்து நிமிடம்.

எது நின்றது? வெளியிலிருந்து உள்ளே

கண்ட்ரோல்-க்யூவுக்கும் அசையவில்லை என்றால்? அப்போதும் பட்டன் பக்கம் போகவேண்டாம். மயங்கி விழுந்தவரைப் பார்த்ததும் இறந்துவிட்டார் என்று யாரும் அறிவிப்பதில்லை. முதலில் நாடி பிடித்துப் பார்ப்பார்கள்.

நம் லாக் விசையை அழுத்தினால் விளக்கு எரிந்து அணைகிறதா? ஆமென்றால் எதிரில் இருக்கும் கணினியின் கெர்னல் உயிரோடு இருக்கிறது. ஆல்ட்டும் எஃப்2-ம் அழுத்தினால் (வரைகலைத் திரையில் இருந்தால் கண்ட்ரோலும் சேர்த்து) வேறொரு கன்சோல் வருகிறதா? வந்தால் அதில் நுழைந்து, பிஎஸ் கட்டளையால் எந்த நிரல் மாட்டிக்கொண்டது என்று பார்த்து அதை மட்டும் நிறுத்தலாம். பக்கத்து மேசையிலிருந்து சர்வருக்கு பிங் போகிறதா? எஸ்எஸ்எச் வழியாக நுழைய முடிகிறதா? முடிந்தால் சர்வருக்கு ஒன்றும் ஆகவில்லை, உங்கள் இணைப்புதான் போயிருக்கிறது. எஸ்எஸ்எச் இணைப்பு செத்துக் கிடந்தால் என்டர் தட்டி, அந்த அலைக்குறியும் (டில்டே) ஒரு புள்ளியும் அடித்தால் அந்த இணைப்பு மட்டும் அறுந்துவிடும். சாளரத்தைக்கூட மூடவேண்டியதில்லை.

திரை நிற்கவில்லை, எழுத்துகள் மட்டும் பூச்சிகள் போலத் தெரிகின்றனவா? எழுத்தல்லாத கோப்பு ஒன்றைத் தெரியாமல் திரையில் கொட்டியிருப்பீர்கள். தெரியாவிட்டாலும் பரவாயில்லை, கண்ணை மூடிக்கொண்டு 'ரீசெட்' என்று அடித்து என்டர் தட்டினால் சரியாகிவிடும்.

தெரியாமல் யாராவது அணைத்தே விட்டார்களா? அப்போதும் எல்லாம் போய்விடவில்லை. விஐ எடிட்டர் தானாகவே ஒரு மீட்புக் கோப்பு வைத்திருக்கும். 'மைனஸ் ஆர்' சேர்த்துத் திறந்தால் அடித்ததில் பெரும்பகுதி திரும்பக் கிடைக்கும். இது தெரியாமல் அழுதுகொண்டே முதலிலிருந்து அடிக்க ஆரம்பித்த மாணவர்கள் எல்லா ஊரிலும் உண்டு.

கோப்பு சர்வர் காத்திருக்கச் சொல்லும்போது

இதுவரை சொன்னது சின்ன விஷயம். பெரிய விஷயம் என்எஃப்எஸ்.

1980-களின் நடுவில் சன் மைக்ரோசிஸ்டம்ஸ் உருவாக்கிய கோப்புப் பகிர்வு முறை இது. வேறொரு கணினியில் இருக்கும் கோப்புகளைத் தன்னுடைய வட்டில் இருப்பது போலவே பயன்படுத்தலாம். மாணவர் எந்த மேசையில் உட்கார்ந்தாலும் அவருடைய கோப்புகள் அங்கே இருக்கும். இத்தனை வசதிக்கும் விலை ஒன்று உண்டு. கோப்பு சர்வர் பதில் சொல்லாவிட்டால் அதை நம்பியிருக்கும் எல்லா மேசைகளும் நின்றுவிடும்.

அப்போது திரையில் 'என்எஃப்எஸ் சர்வர் நாட் ரெஸ்பாண்டிங், ஸ்டில் டிரையிங்' என்று ஒரு வரி வரும். வட்டில் எவ்வளவு இடம் இருக்கிறது என்று பார்க்க டிஎஃப் கட்டளை கொடுத்தால் அதுவும் போய் மாட்டிக்கொள்ளும். ('மைனஸ் எல்' சேர்த்தால் உள்ளூர் வட்டுகளை மட்டும் காட்டும்.) மாட்டிய நிரலைக் கொல்லலாம் என்று பார்த்தால் பழைய லினக்ஸ்களில் 'கில் மைனஸ் 9' கொடுத்தாலும் சாகாது! பிஎஸ் பட்டியலில் அதன் பக்கத்தில் 'டி' என்ற எழுத்து நிற்கும். குறுக்கிட முடியாத உறக்கம் என்று அர்த்தம். மாணவர் தன் பெயரில் நுழைய முடியாது, ஏனென்றால் அவருடைய வீட்டு அடைவு அந்த சர்வரில் இருக்கிறது. ரூட் மட்டும் பெரும்பாலும் நுழைய முடியும், அதன் வீட்டு அடைவு உள்ளூர் வட்டில் இருப்பதால்.

இதைப் பார்த்தால் யாருக்கும் 'எல்லாம் போச்சு' என்றுதான் தோன்றும். உண்மை நேர் எதிர். இது கோளாறு இல்லை, வேண்டுமென்றே செய்த ஏற்பாடு. 'ஹார்டு' என்ற முறையில் இணைத்திருந்தால் சர்வர் திரும்பி வரும்வரை நிரல் காத்திருக்கும். வந்தவுடன் 'ஓகே' என்று ஒரு வரி போட்டுவிட்டு, விட்ட இடத்திலிருந்து தொடரும். ஒரு எழுத்துகூடத் தவறாது. 'சாஃப்ட்' முறையில் இணைத்தால் கொஞ்ச நேரத்தில் 'முடியவில்லை' என்று பிழை சொல்லிவிடும், திரை உறையாது. ஆனால் அந்தப் பிழையைச் சரியாகக் கவனிக்காத நிரல் எதுவும் நடக்காதது போல மேலே போகும். பாதி எழுதிய கோப்பு பாதியாகவே நிற்கும், யாருக்கும் தெரியாது.

எது நல்லது? கோபம் வரவழைக்கும் உறைவா, சத்தமில்லாமல் கெட்டுப்போகும் கோப்பா? அவசரக்காரர்கள் இரண்டாவதைத் தேர்ந்தெடுப்பார்கள், தேர்ந்தெடுக்கிறோம் என்பதே தெரியாமல். இந்த நிலையில் செய்யவேண்டியது மேசைகளை ஒவ்வொன்றாக அணைப்பதல்ல. கோப்பு சர்வருக்குப் போகும் கேபிள் கழன்றிருக்கிறதா, ஸ்விட்சுக்கு மின்சாரம் இருக்கிறதா என்று பார்ப்பது. கேபிளைச் செருகினால் நாற்பது திரைகளும் தாமாகவே உயிர்பெறும். அதற்குள் அணைத்தவர்கள் மட்டும் இழப்பார்கள்.

அணைப்பதே உறையவைக்கும் கதை

இதற்கு நேர்மாறான ஒரு வேடிக்கையும் உண்டு. பழைய சன் சர்வர்களுக்குத் தனித் திரை கிடையாது. சீரியல் கம்பி வழியாக ஒரு முனையத்தை இணைத்திருப்பார்கள். முனையம் உறைந்ததாக நினைத்து அதை அணைத்து ஆன் செய்தால், அந்த நொடியில் கம்பியில் 'பிரேக்' என்ற சமிக்ஞை போய்விடக்கூடும். சர்வர் அதைக் கட்டளையாக எடுத்துக்கொண்டு, செய்துகொண்டிருந்த வேலையை எல்லாம் நிறுத்திவிட்டு 'ஓகே' என்ற ஒரு சொல்லோடு காத்திருக்கும். அதுவரை நன்றாக இருந்த சர்வர் அப்போதுதான் நிஜமாகவே உறைகிறது! 'கோ' என்று அடித்து என்டர் தட்டினால் விட்ட இடத்திலிருந்து ஓடும். இது தெரியாதவர் சர்வர் போய்விட்டது என்று மின்சாரத்தையே நிறுத்துவார். வைத்தியமே வியாதியான கதை.

கண்ட்ரோல்-ஆல்ட்-டிலீட்டும் அப்படித்தான். விண்டோஸ் சர்வரில் உள்ளே நுழைய அதை அழுத்தவேண்டும். பல லினக்ஸ் சர்வர்களின் கன்சோலில் அதே மூன்று விசைகள் சர்வரை ரீபூட் செய்துவிடும். கடவுச்சொல்கூடக் கேட்காது.

அணைக்கவே கூடாதா?

'இதெல்லாம் ஏட்டில் நன்றாக இருக்கும். பிராக்டிகல் தேர்வு நடக்கும்போது நாடி பிடித்துக்கொண்டிருக்க நேரம் ஏது?' என்று ஆய்வகத்தைப் பார்த்துக்கொள்பவர் கேட்பார். நியாயமான கேள்விதான். ஒருவரே மூன்று ஆய்வகங்களைப் பார்த்துக்கொள்ளும் கல்லூரிகள் இருக்கின்றன. ரீபூட்டைத் தவிர வழியே இல்லாத நேரங்களும் உண்டு. கெர்னலே நின்றுபோனால், வட்டு பழுதாகிப்போனால், வேறு என்ன செய்வது?

அப்போதும் முறை ஒன்று இருக்கிறது. லினக்ஸில் ஆல்ட்டையும் பிரிண்ட் ஸ்கிரீன் விசையையும் பிடித்துக்கொண்டு, ஒவ்வொன்றுக்கும் இடையில் சில நொடி விட்டு, ஆர், இ, ஐ, எஸ், யு, பி என்று வரிசையாக அழுத்தலாம். விசைப்பலகையை மீட்பது, நிரல்களை முடிந்துகொள்ளச் சொல்வது, முடியாதவற்றைக் கொல்வது, நினைவகத்தில் இருப்பதை வட்டில் எழுதுவது, வட்டைப் படிக்க மட்டும் என்று மாற்றுவது, கடைசியில் ரீபூட். இந்த வசதியை முன்கூட்டியே திறந்துவைத்திருக்க வேண்டும், பல லினக்ஸ்களில் பாதிதான் திறந்திருக்கும். 2001-ல் இஎக்ஸ்டி3 வந்ததிலிருந்து திடீரென்று அணைத்தாலும் கோப்பு முறைமை சிதையாது என்று ஒரு தைரியம் எல்லோருக்கும் வந்துவிட்டது. சிதையாமல் இருப்பது கோப்பு முறைமையின் கட்டமைப்புதான். வட்டுக்குப் போகாமல் நினைவகத்திலேயே இருந்த உங்கள் கடைசிப் பத்து வரிகள் அல்ல.

இன்னொன்று. ரீபூட் செய்தால் தடயமும் போய்விடும். திரையில் நின்ற கடைசி வரி என்ன என்பதைத் தாளில் எழுதிக்கொள்ளாமல் அணைத்தால், அடுத்த வாரம் அதே உறைவு வரும், அதே பட்டனை மறுபடி அழுத்தவேண்டும். நெய்வேலியில் ஷிப்ட் மாறும்போது எழுதும் லாக் புக்குக்கு இருக்கும் மரியாதை ஆய்வகத்து சர்வருக்குப் பக்கத்திலும் இருக்கட்டுமே. ஒரு நாற்பது பக்க நோட்டு போதும்.

மதிப்பெண் இல்லாத பாடம்

தமிழ்நாட்டில் லினக்ஸுக்குப் பஞ்சமில்லை. 2011-ல் தொடங்கிய அரசின் இலவச மடிக்கணினித் திட்டத்தில் பாஸ் லினக்ஸும் சேர்ந்தே வந்தது. தமிழிலேயே லினக்ஸ் சொல்லித்தர 2012-லிருந்து கணியம் இருக்கிறது. பக்கத்து விழுப்புரத்தில் மாணவர்களுக்குக் கற்றுத்தரும் குனு/லினக்ஸ் பயனர் குழுவே இருக்கிறது. கருவி கைக்கு வந்துவிட்டது, கற்க இடமும் இருக்கிறது.

இல்லாதது மதிப்பெண் மட்டும்தான். ஆபரேட்டிங் சிஸ்டம் பிராக்டிகலில் ஃபோர்க் கேட்பார்கள், செமஃபோர் கேட்பார்கள். 'திரை உறைந்தால் முதலில் என்ன செய்வாய்?' என்று கேட்கமாட்டார்கள். கேட்காததை மாணவர் படிக்கமாட்டார். வேலைக்குப் போன முதல் வாரமே அந்தக் கேள்விதான் வரும். அங்கே இருப்பது கல்லூரி சர்வர் அல்ல, ஒரு மருத்துவமனையின் சர்வராக இருக்கலாம், ஒரு வங்கியின் சர்வராக இருக்கலாம்.

செய்யவேண்டியது பெரிய காரியமில்லை. முதல் வகுப்பிலேயே ஆசிரியர் எல்லோரையும் கண்ட்ரோல்-எஸ் அழுத்தச் சொல்லட்டும். அத்தனை திரைகளும் நிற்கட்டும். இரண்டு நிமிடம் தவிக்கட்டும். பிறகு கண்ட்ரோல்-க்யூ சொல்லட்டும். அதன்பின் கோப்பு சர்வரின் கேபிளைக் கழற்றிக் காட்டி, மறுபடி செருகிக் காட்டட்டும். ஒரு மணி நேரத்தில் முடிந்துவிடும், ஆயுசுக்கும் மறக்காது. பவர் பட்டனுக்கு மேலே ஒரு தாளையும் ஒட்டிவைக்கலாம்: 'கையை எடு. கண்ட்ரோல்-க்யூ. வேறு கன்சோல். பக்கத்து மேசையிலிருந்து பிங். கடைசி வரியை எழுது. அதற்குப் பிறகு கூப்பிடு.'

இத்தனையும் நினைவில் நிற்காது என்பவர்களுக்கு ஒன்றே ஒன்று. அடுத்த முறை திரை உறைந்தால் பட்டனைத் தொடுவதற்கு முன் பக்கத்து மேசைக்காரரிடம் கேளுங்கள்: "உனக்கு ஓடுதா?"

ஓடுகிறது என்று அவர் சொன்னால், அது அவருடைய சர்வரும்கூட.